ஆவணமற்ற மாணவரும் கல்லூரியின் கடமையும்

பிறநாட்டு மாணவரை ஏற்பதற்கு உலகெங்குமுள்ள கல்லூரிகளில் ஓர் ஒழுங்கு உண்டு. மாணவர் விசாவுடன் வருபவருக்கு வரவேற்புப் பிரிவும் விடுதி வசதியும் தனிக் கட்டண விகிதமும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஒழுங்குக்குள் அடங்காதவர் ஆவணமற்ற மாணவர். அதாவது, தாம் வாழும் நாட்டின் குடியுரிமையையோ சட்டபூர்வமான வதிவுரிமையையோ மெய்ப்பிக்கும் பத்திரம் இல்லாதவர். குழந்தைப் பருவத்தில் பெற்றோருடன் எல்லை கடந்தவராகவோ, எல்லை கடந்த பெற்றோருக்குப் பிறந்தவராகவோ இருக்கும் அவர், அவ்வூர்ப் பாடசாலையிலேயே படித்து, அவ்வூர்ப் பரீட்சையிலேயே சித்தியெய்திய பின்னரும், கல்லூரி விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் நாளில்தான் தமக்கும் சக மாணவருக்கும் இடையிலுள்ள சட்ட வேறுபாட்டை முழுமையாக அறிய நேர்கிறது.

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு இந்த நிலை புதிதன்று. ஆனையிறவுக்குத் தெற்கே கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களில் வாழ்வோரில் பலர், 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் தோட்டங்களை விட்டு வடக்கே வந்த மலையகத் தமிழரின் வழித்தோன்றல்கள். 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய முன்னோரை நாடற்றவர்கள், அதாவது எந்த நாட்டாலும் குடிமக்களாக ஏற்கப்படாதவர்கள், ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியா, இலங்கை ஆகிய இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோருக்கு 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை முழுத் தீர்வு கிடைக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட இந்தக் காலத்தில், அடையாள அட்டையும் அரச வேலையும் எட்டாக்கனியாக இருந்த குடும்பங்களில் உயர்கல்வியைப் பற்றி எண்ணிப் பார்க்கவே இடமிருக்கவில்லை.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்தும் வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகேறித் தமிழகம் சென்றவர்களின் பிள்ளைகள் இதே சிக்கலை வேறு வடிவில் சந்தித்தனர். 2021 இல் தமிழக அரசு வெளியிட்ட விபரப்படி, 108 முகாம்களில் ஏறத்தாழ 58,800 பேரும், முகாம்களுக்கு வெளியே ஏறத்தாழ 34,000 பேரும் வாழ்ந்தனர். ராஜீவ் காந்தி கொலையைத் தொடர்ந்து 1991 இல் அகதி மாணவருக்குக் கல்லூரி வாசல் அடைபட்டது. 1996 க்குப் பின்னரே தொழிற்கல்விப் படிப்புகளில் அவர்களுக்கென இடங்கள் ஒதுக்கப்பட்டன. அரசின் அனுமதி வந்ததும் படிப்பு தானாக நடந்துவிடவில்லை. 1984 இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்தியும், கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி தேடியும் ஒரு தலைமுறையைப் பட்டதாரிகளாக்கியது. 2021 ஓகஸ்ட் 27 அன்று தமிழக அரசு அறிவித்த 317 கோடி ரூபா நலத்திட்டத்தில் உயர்கல்விக்கான உதவிகளும் இடம்பெற்றன. ஆயினும், இந்தியச் சட்டத்தின் பார்வையில் இம்மாணவர் சட்டவிரோதக் குடியேறிகளாகவே கருதப்பட்டு வந்ததால், பொறியியல் பட்டம் பெற்றவரும் கடவுச்சீட்டு இல்லாத காரணத்தால் படிப்புக்கேற்ற வேலையைப் பெற முடியாமல் வண்ணப்பூச்சு வேலைக்குச் செல்லும் அவலம் முகாம்களில் நீடித்து வந்துள்ளது.

போர் முடிந்த பின் தாயகம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளோ, சொந்த மண்ணிலேயே அயலவரின் நிலைக்கு ஆளாயினர். அத்தகைய மாணவர் ஒருவரின் கோப்பைத் திறந்து பார்த்தால் சிக்கலின் தன்மை விளங்கும். அதில் தமிழக மருத்துவமனையொன்றில் பிறந்ததற்கான சான்றிதழ், முகாமின் குடும்ப அட்டை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகியன இருக்கும். ஒன்றில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகவும், மற்றொன்றில் முழுமையாகவும் இருக்கும். எழுத்துக்கூட்டல் இடத்துக்கு இடம் மாறும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவளியால் இலங்கைக் குடியுரிமை பெறுவதற்குப் பிறப்பைத் தூதரகத்திலோ உரிய திணைக்களத்திலோ பதிவுசெய்தாக வேண்டும். அப்பதிவு முடியும்வரை தேசிய அடையாள அட்டை கிடைக்காது. பல்கலைக்கழக அனுமதியோ க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி எனும் தரப்படுத்தப்பட்ட புள்ளியையும், மாணவருக்குரிய மாவட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டது. தமிழக மதிப்பெண் பட்டியல் இந்த அளவுகோலுக்குள் நேராகப் பொருந்துவதில்லை. கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்குரிய மேலதிக ஒதுக்கீட்டில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றும் அடங்கியிருந்தும், இம்மாவட்டங்களின் பிள்ளையே ஆன இம்மாணவருக்கு அதன் பயன் எளிதில் எட்டுவதில்லை.

அகதிகள் தொடர்பான 1951 ஆம் ஆண்டின் சர்வதேச சமவாயத்தின் 22 ஆம் உறுப்புரை, உயர்கல்வியில் வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஏற்பதையும், கட்டணத்தைக் குறைப்பதையும், புலமைப்பரிசில் வழங்குவதையும் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் கையொப்பமிடவில்லை. அமெரிக்காவில் 1982 ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று ஆவணமற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வியை உறுதிசெய்தபோதும், கல்லூரியைப் பற்றி அது பேசவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, 2001 இல் கலிபோர்னியா மாநிலம் தன் பள்ளிகளில் படித்த ஆவணமற்றவரும் உள்ளூர்க் கட்டணத்திலேயே கல்லூரியில் சேரச் சட்டமியற்றியது. பின்னர் பேர்க்லி பல்கலைக்கழகம் அவர்களுக்கென ஆலோசனையும் சட்ட உதவியும் வழங்கும் தனிப்பிரிவை அமைத்தது. ஈழத்தமிழர் செறிந்து வாழும் ரொறன்ரோவிலுள்ள யோர்க் பல்கலைக்கழகம், குடிவரவு நிலை உறுதிப்படாத மாணவரை உள்நாட்டுக் கட்டணத்தில் சேர்க்கும் திட்டமொன்றை 2017 இல் தொடங்கியது. இந்நிறுவனங்கள் குடியுரிமை வழங்க அதிகாரம் பெற்றவை அல்ல. தமது அதிகாரத்துக்கு உட்பட்டதை அவை செய்தன. அதுவே பல மாணவர் பட்டம் பெறப் போதுமானதாக இருந்தது.

ஆனையிறவைக் கடந்து ஏ9 வீதியில் தெற்கே செல்பவர் கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களையும், அவற்றோடு இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தையும் காண்பர். மேலும் தெற்கே, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அனுமதி விதிகளை வகுப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே என்பதால், பீடங்கள் அவற்றைத் தாமாக மாற்ற முடியாது. ஆயினும் தாயகம் திரும்பிய மாணவரின் பத்திரங்களைப் பார்த்து, எதை எங்கே பெறவேண்டும் என்று வழிகாட்டவும், பிரதேச செயலகத்துக்கும் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்துக்கும் நிறுவனத்தின் பெயரில் கடிதம் எழுதவும் ஓர் அலுவலரை நியமிப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. தொழிற்பயிற்சி நெறிகளில், விடுபட்ட பத்திரத்தைச் சமர்ப்பிக்கக் கால அவகாசம் அளித்துத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளலாம். பாடத்திட்ட வேறுபாட்டை ஈடுசெய்யும் இணைப்பு வகுப்புகளை விடுமுறைக் காலத்தில் நடத்தலாம். அனுமதி விதிகளில் அகதி வாழ்வைத் தனியாகக் கருதவேண்டும் என்று ஆணைக்குழுவிடம் கோருவதற்கு வடக்கின் பல்கலைக்கழகங்களைவிடத் தகுதியுடையவர் எவருமில்லை.

வன்னியில் ஆவணம் தொலைவது தனிமனிதரின் கவனக்குறைவால் நேர்வதன்று. சட்டங்களும் போரும் இடப்பெயர்வும் அதை விளைவித்தன. அவ்வாறிருக்க, தொலைந்ததைத் தேடும் பாரத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளில் மட்டும் ஏற்றுவது நீதியாகாது. 1945 முதல் இலவசக் கல்வியைப் போற்றிவரும் நாட்டில், கட்டணம் கேட்காத கல்விநிறுவனம் பத்திரத்தைக் காரணம் காட்டித் திருப்பியனுப்பினால் அந்த இலவசத்தால் அப்பிள்ளைக்கு விளையும் பயன் எதுவுமில்லை. பத்திரத்தைத் தேடும் வேலையில் பாதியையேனும் கல்லூரி தன் பொறுப்பாக ஏற்கவேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ வேண்டியதில்லை, ஒரு மேசையும் பொறுமையுள்ள ஓர் அலுவலரும் போதும்.