தொட்டித் தண்ணீரைக் கொட்டாதீங்க!

கொல்லைப்புறத்தில் சின்னதாக ஒரு தொட்டி. அதில் ரெண்டு அல்லிக் கிழங்கு, பத்து கப்பி மீன். கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்துக் கரிசல் பூமியில் இருக்கிறவர்களுக்கு இந்த ஆசை வரக் கூடாதா என்ன? தாராளமாக வரலாம்!

ஆனால், மூணாம் வாரமே புலம்பல் ஆரம்பித்துவிடும். "மதினி, தண்ணி பச்சைப் பசேல்னு ஆயிட்டு. மொத்தத்தையும் இறைச்சு ஊத்திட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுட்டேன்!" தொட்டி பளிச்சென்றுதான் இருக்கும். மறுநாள் மீன்கள் செத்து மிதக்கும்.

காய்ச்சல் வந்த பிள்ளைக்கு உடம்பு ரத்தத்தையே மொத்தமாக மாற்றுவோமா? பச்சை நிறமும் ஒரு அறிகுறிதான். வெயில் அதிகம், தீனி அதிகம் என்று தொட்டி நமக்குச் சொல்கிறது. அவ்வளவுதான்.

மீனின் கழிவும், தின்னாமல் மிஞ்சின தீனியும் அம்மோனியாவாக மாறும். மீனுக்கு அது விஷம். சுவரிலும் கல்லிலும் ஒட்டியிருக்கிற நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டைச் செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் குடியேறவே பல வாரம் பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் பட்டால் கூண்டோடு காலி!

கரிசல் காட்டில் இன்னொரு தலைவலி, உப்பு. பல இடங்களில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. வெயிலில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 200 லிட்டர் 100 லிட்டராக வற்றினால், உப்பின் அடர்த்தி இரட்டிப்பு. அதன் மேல் மறுபடியும் உப்புத் தண்ணீரையே ஊற்றினால்? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வற்றினதை நிரப்புவதற்கு மழைத் தண்ணீர்தான் உத்தமம். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அந்தக் குழாயைத் தூசி தட்டுங்கள்!

சீவலப்பேரியிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அது குடிக்கிற தண்ணீர். வேறு வழியில்லாமல் கொஞ்சம் ஊற்றினாலும், வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்கள்.

நம் பெரியவர்களைப் பாருங்கள். கிணறு உப்பாக இருந்த ஊர்களில் மழையை ஊருணியில் பிடித்துத்தான் குடித்தார்கள். அதில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. கலங்கல் தண்ணீரைத் தேத்தாங்கொட்டை இழைத்துத் தெளிய வைத்தார்கள். தண்ணீருக்குள் என்ன போகக் கூடாது என்பதில்தான் அவர்கள் கவனமெல்லாம்.

நாமும் அதையே செய்யலாம். ரெண்டு நிமிஷத்தில் மீன் தின்று தீர்க்கிற அளவுக்கு மட்டும் தீனி. பாதித் தொட்டிக்காவது இலை நிழல். வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் எடுத்துத் தென்னைக்கு ஊற்றுங்கள். பி.எச். 6.5-லிருந்து 8.5-க்குள் இருந்தால் நல்லது. பாசி பிடித்த தொட்டியில் மத்தியானம் இது ஏறும்; ஏறினால் அம்மோனியாவின் விஷமும் கூடும். அதனால் காலையிலும் பாருங்கள், மத்தியானமும் பாருங்கள். புது சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்பு ஊறும். நாலைந்து தடவை நிரப்பி, ஊற வைத்து, வடித்த பிறகே மீன் விடணும்.

'தொட்டி மீனுக்கு இத்தனை பாடா?' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு, வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் வளரும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். மீன் உயிரோடு இருந்தால் புழுக்களைத் தின்றுவிடும். மீன் செத்த தொட்டி? கொசுப் பண்ணைதான்!

மீனைக் காப்பாற்ற நேரமில்லையா, தொட்டியை வடித்து, சுவரைத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். தப்பே இல்லை. வைப்பதானால், வாரத்தில் அரை மணி நேரம் அதற்காக ஒதுக்குங்கள். உங்கள் பிள்ளைகளின் உடம்புக்கும் அது நல்லது!