விழுந்த பசுவும் சுண்ணாம்புச் சத்தும்

நேற்றுவரை நன்றாக நடமாடிய கறவைப் பசு, கன்று ஈன்ற மறுநாள் எழ இயலாமல் படுத்துவிடுகிறது. காதுகள் சில்லிட்டுள்ளன, கழுத்து விலாப்புறம் மடங்கிக் கிடக்கிறது. கெடார் போன்ற சிற்றூர்களில், பாலை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது பேரிடியன்றோ! கண்ணேறு என்று எண்ணிச் சிலர் கற்பூரம் சுற்றுவர். உண்மையில் இது 'பால் காய்ச்சல்' எனும் நோய். பெயரில்தான் காய்ச்சல், உடலோ குளிர்ந்திருக்கும். இரத்தத்தில் கால்சியம் எனும் சுண்ணாம்புச் சத்து குறைந்ததே காரணம்.

எலும்பை உறுதியாக்கும் கால்சியத்துக்கும் எழுந்து நிற்பதற்கும் என்ன தொடர்பு? நரம்பின் வழியே வரும் ஆணை அதன் நுனியை எட்டியதும், வெளியிலுள்ள கால்சியம் உள்ளே பாய்கிறது. அதனால் அசிட்டைல்கோலின் எனும் வேதிப்பொருள் வெளிப்பட்டுத் தசையைத் தூண்டுகிறது. உடனே தசையினுள் இருக்கும் நுண்பைகள், தாம் சேமித்த கால்சியத்தைத் திறந்துவிடுகின்றன. அது டிரோப்போனின் எனும் புரதத்தைப் பற்றித் தடையை விலக்குகிறது. பின்னர் மெல்லிய இழைகள் தடித்த இழைகளின்மீது சறுக்க, தசை சுருங்குகிறது. கால்சியம் மீண்டும் பைகளுக்குள் சென்றதும் தசை தளர்கிறது. இப்புரதத்தை 1960-களில் கண்டறிந்து உலகுக்கு உணர்த்தியவர் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி.

இனிப் பசுவின் கணக்கைப் பாருங்கள். 10 லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 20 கிராம் கால்சியம் வெளியேறுகிறது. இரத்தத்தில் ஒரு வேளையில் இருப்பதோ 3 கிராம் அளவே! எலும்பும் தீவனமும் இவ்விழப்பை உடனே ஈடுசெய்யாவிடில், நரம்பு இட்ட ஆணை தசையைச் சென்றடையாது. நிறையப் பால் தரும் பசுக்களுக்கு, ஈன்ற மூன்று நாள்களுக்குள் இவ்வாறு நேர்வதே மிகுதி.

இந்நிலையில் மூங்கில் குழாயால் கஷாயம் புகட்டாதீர்கள். விழுங்கும் தசைகளும் சோர்ந்திருப்பதால், அது நுரையீரலில் இறங்கிவிடும். கால்நடை மருத்துவர் கால்சியம் மருந்தை இரத்தக் குழாயில் மெல்ல ஏற்றுவார். பெரும்பாலான பசுக்கள் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். விரைந்து ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம்; ஆகவே கைவைத்தியம் வேண்டாம். காலந்தாழ்த்தினாலோ பசு இறந்துபோகும்.

வனத்து அந்தோணியார் திருநாளில் மாடுகளை மந்திரிக்க ஆலயத்துக்கு ஓட்டிச் செல்கிறோம். தன் கன்றுக்காகத் தன் சத்தையெல்லாம் வார்த்துவிட்டு வீழ்ந்து கிடக்கும் பசுவைக் காப்பதும் அப்பக்தியின் பகுதியே. செபியுங்கள்; செபித்தவாறே மருத்துவருக்கும் ஆள் அனுப்புங்கள்.