பெயரறியாக் கோப்புகளும் தமிழ் மாணவர் கடமையும்

ஓலைச்சுவடிகள் செல்லரித்து அழிவதைக் கேட்டு வருந்தாத தமிழ் மாணவர் இலர். ஆயின் ஓரெழுத்தும் உதிராது முழுமையாக இருந்தும், படிப்பாரின்றி ஒழியும் ஏடுகளும் இந்நாளில் உள. கணிப்பொறியில் உறங்கும் பழந்தமிழ்க் கோப்புகளே அவை.

சென்ற விடுமுறையில், ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் பெரியப்பா ஒரு குறுந்தகட்டை என்னிடம் அளித்தார். நாஞ்சில் நாட்டு ஊர்களில் அவர் பல்லாண்டு அலைந்து தொகுத்த வில்லுப்பாட்டுகள் அதில் இருந்தன. கோப்புகளின் பெயரிறுதியில் இனங்காட்டும் பின்னொட்டு இல்லை. திறந்தாலோ ஆங்கில எழுத்துகள் தாறுமாறாய்த் தோன்றின. கடைக்காரர் ஒருவர், “கெட்டுப்போயின, எறிந்துவிடுங்கள்” என்றனராம். “மக்களே, நீயாவது பார்” என்றார் பெரியப்பா.

பெயரை நம்பாது உள்ளீட்டை நோக்கிக் கோப்பின் இனத்தைக் கூறும் கருவிகள் பல உள. ‘ஃபைல்’ என்னும் கட்டளை 1973ஆம் ஆண்டிலேயே யூனிக்ஸில் இடம்பெற்றிருந்தது. இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் ‘டிராய்டு’ என்னும் கருவியை இலவசமாக வழங்குகின்றது. இவை கோப்பின் தொடக்கம் முதலிய இடங்களிலுள்ள அடையாளங்களைத் தேடுவன. பி.டி.எஃப் கோப்பு சதவீதக் குறியோடு தன் பெயரையே முன்னிட்டுத் தொடங்கும். சிப் கோப்பின் முதலிரு எழுத்துகளாகிய பி, கே என்பன அதனை வகுத்த ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகளாம். யூனிகோடு தமிழை யூ.டி.எஃப்-8 முறையில் எழுதின், ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாய் நிற்கும்.

பெரியப்பாவின் கோப்புகளைச் சோதித்தபோது, “வெறும் ஆஸ்கி எழுத்து” என்றே விடை வந்தது. கருவி பொய் கூறவில்லை. அதன் அறிவு அவ்வளவே. எழுத்துகளை உற்றுநோக்கினேன். எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி என்னும் வரிசை அடிக்கடி வந்தது. வில்லுப்பாட்டில் ஓயாது வரும் சொல் யாது? அம்மன் அன்றோ! அரைப்புள்ளி நின்ற இடமெல்லாம் மெய்யெழுத்தின் புள்ளி. பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட தமிழே அது. யூனிகோடுக்கு மாற்றியதும் பாட்டுகள் யாவும் உயிர்பெற்றன.

“இது கணிப்பொறி மாணவர் வேலை, நமக்கென்ன?” என்பர் சிலர். அம்மனை அறியாதார்க்கு அவ்வரிசை குப்பையே. கருவி வாயில் வரை கொண்டு விடும். உள்ளே செல்லத் தமிழறிவு வேண்டும். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் பாட்டோடு அமையாது, கல்வெட்டும் ஆய்ந்து காந்தளூர்ச் சாலை பற்றி எழுதினார்கள். வட்டெழுத்தைக் கற்பது தமிழ் மாணவர் கடமையாயின், பாமினியையும் டிஸ்கியையும் இனங்காண்பது எங்ஙனம் பிறர் கடமையாகும்?

ஆதலின் இரண்டு வேண்டுகோள். சுவடியியல் பாடத்தில் சில மணி நேரமேனும் இக்கருவிகளைப் பயிற்றுதல் வேண்டும். நம் கல்லூரியில் எஞ்சியுள்ள பழைய தட்டுகளைச் சோதித்து யூனிகோடுக்கு மாற்றி, மூலக் கோப்பையும் எழுத்துருப் பெயரையும் உடன் வைத்துக் காத்தல் வேண்டும். தொகுத்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே ஐயுற்ற சொல்லைக் கேட்டுத் தெளியலாம். பழைய மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பெட்டியிலுள்ள தட்டுகளை எறிந்துவிடாதீர்கள், எங்களிடம் தாருங்கள்.