நாலு நாள் குளிரை வைத்து உலகக் கணக்கை முடிக்காதீங்க

 

மழை பெய்து ஈப்போ நாலு நாள் குளிர்ந்தால் போதும், நம்ம கோவில் வாட்ஸ்அப் குழுவில் கிண்டல் ஆரம்பமாகிடும். "உலகம் சூடாகுதுன்னு சொன்னாங்களே, எங்கே?" இந்த முறை ஒருத்தர் இன்னும் ஒரு படி மேலே போய், "அப்புறம் தைப்பூசத்துக்கு எதுக்குக் கூடுதல் பந்தல்?" என்று கேட்டுவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

2018 ஜனவரியை நினைச்சுப் பாருங்க. பருவக்காற்றோடு வடக்கே இருந்து குளிர் வந்தது, வானம் மூடியே கிடந்தது, பகலிலேயே உடம்பு நடுங்கியது. ஆனா உலக அளவில் அதுவரை பதிவான ஆண்டுகளில் அந்த 2018 நாலாவது வெப்பமான ஆண்டு!

மறுபக்கத்துக்கும் இதே நியாயம்தான். ஒரு நாள் வெயில் கொளுத்தினா உடனே "காலநிலை மாற்றம்" என்பதும் தப்பு. நம் நாட்டின் உச்ச வெப்பம் 40.1 டிகிரி, பெர்லிஸ் சுப்பிங்கில், 1998 ஏப்ரலில் பதிவானது. அது எல் நினோ காலம். அந்த ஒரு நாளை வைத்தும் எதையும் நிரூபிக்க முடியாது. கால்வாய் நிரம்பி வழிந்தாலும் முதலில் நாம் வீசிய பாலிஸ்டிரின் டப்பாவைத்தான் பார்க்கணும்.

தோட்டத்தில் வளர்ந்தவங்களுக்கு இது புரியும். ஆபீஸ் வாசலில் மழைமானி இருக்கும், கிராணி அளந்து புத்தகத்தில் எழுதுவார். ஒரு நாள் மழை, அன்றைக்கு மரம் சீவலாமா என்று மட்டும்தான் சொல்லும். பருவம் மாறுதா என்று தெரிய பல வருஷப் புத்தகம் வேணும். நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் ஒரு ரீடிங்கை வைத்து மெஷினைக் குறை சொல்ல மாட்டோம். கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்ப்போம்.

உலகக் கோடு மேலேதான் போகுது. 2024, தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட சுமார் 1.55 டிகிரி அதிகம், பதிவுகளிலேயே மிக வெப்பமான ஆண்டு என்கிறது உலக வானிலை அமைப்பு. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் விடும் கரியமில வாயுதான் முக்கியக் காரணம்.

தைப்பூசத்தன்று வெயிலா மழையா, யாருக்கும் தெரியாது. ஆனா புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குத் தார் ரோட்டில் வெறுங்காலோடு பால்குடம் சுமப்பவங்க நம்ம பாட்டிகளும் பிள்ளைகளும். போன வார வானத்தைப் பார்த்து அவங்க நிழலைக் குறைக்காதீங்க. பந்தலும் இருக்கட்டும், தண்ணீர்ப்பந்தலும் கூடட்டும். மாற்றுக்கருத்து உள்ளவங்க கூட்டத்துக்கு நேரில் வந்து பேசுங்க.

முருகா சரணம்.