பதினைந்து நிமிடத் தண்ணீர்: அவசர ஷவர், ஐ-வாஷ் குறித்து எங்கள் நிலைப்பாடு

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஆலைகளிலும், திருப்பூர், ஈரோடு சாய ஆலைகளிலும், காஸ்டிக், ஆசிட், சுண்ணாம்பு, சல்பைடு புழங்கும் இடத்திலிருந்து பத்து விநாடியில் போய்ச் சேரும் தூரத்தில் அவசர ஷவரும் ஐ-வாஷும் இருந்தாக வேண்டும். இரண்டிலும் பதினைந்து நிமிடம் தண்ணீர் நிற்காமல் வர வேண்டும். சிறிய ஆலை, ஆள் குறைவு என்று யாருக்கும் விலக்கு தரக்கூடாது என்பது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

கண்ணில் ஆசிட் பட்டால் மேல்திசுவின் புரதம் உறைந்து, அதுவே ஓரளவுக்குத் தடுப்பாகிவிடும். காஸ்டிக்கும் சுண்ணாம்பும் அப்படி நிற்பதில்லை. திசுவின் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்தபடி உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரிக்கு வண்டி தேடும் நேரத்திலேயே பார்வை பறிபோகலாம். விளக்கெண்ணெய் வேண்டாம், பால் வேண்டாம். காரத்தை முறிக்கிறேன் என்று ஆசிட் பக்கம் கை நீட்டவே கூடாது; சல்பைடு கிடக்கும் இடத்தில் ஆசிட் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி, உதவ வந்தவரையும் சேர்த்துச் சாய்த்துவிடும். முதல் மருந்து தண்ணீர்தான், அதுவும் ஏராளமாக.

அதனால் கருவியை விலைப்பட்டியல் பார்த்து வாங்காதீர்கள், தண்ணீர்க் கணக்குப் பார்த்து வாங்குங்கள். நம் நாட்டில் இதற்கென்றே ஐ.எஸ். 10592 என்ற தரநிலை 1982 முதல் இருக்கிறது. பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரநிலையான ஆன்சி இசட்358.1, ஷவருக்கு நிமிடத்துக்கு 75.7 லிட்டர், ஐ-வாஷுக்கு 1.5 லிட்டர், முகத்தையும் சேர்த்துக் கழுவும் கருவிக்கு 11.4 லிட்டர் கேட்கிறது. ஷவருக்கு மட்டும் பதினைந்து நிமிடத்துக்கு 1,135 லிட்டருக்கு மேல் ஆகும். மாடியில் 500 லிட்டர் டேங்க் வைத்து அதில் ஷவரை இணைத்தால் ஏழு நிமிடம்கூடத் தாங்காது. சுவரில் மாட்டியிருக்கும் அரை லிட்டர் கண் கழுவும் பாட்டில், ஐ-வாஷுக்கான அளவில் ஊற்றினால் இருபது விநாடியில் காலி. ஐ-வாஷுக்குப் போய்ச் சேரும்வரை பாட்டில் உதவட்டும். அதை ஐ-வாஷ் என்று கணக்குக் காட்டுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். மோட்டாரை நம்பிய இணைப்பையும் ஏற்கமாட்டோம். கரண்ட் போனாலும் தண்ணீர் வர வேண்டும்.

வால்வு ஒரு விநாடிக்குள் திறந்து, கையை எடுத்த பிறகும் திறந்தே நிற்க வேண்டும். இமைகளை விரித்துப் பிடிக்க இரண்டு கையும் தேவை. சுண்ணாம்புத் துகள் மேல் இமைக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். இமையைத் தூக்கிக் கழுவாவிட்டால் அது அங்கேயே கிடந்து அரிக்கும்.

வெந்நீர்ப் பிரச்சினையை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. தண்ணீர் 16 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைமேல் ஓடும் குழாயில் தேங்கிய தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதிக்கும். வெந்த கண்ணில் அதை யார் பதினைந்து நிமிடம் தாங்குவார்? டேங்குக்கு நிழல் போடுங்கள், குழாயை மண்ணுக்குள் இறக்குங்கள். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் ஷவர் துளைகள் அடைத்துக்கொள்ளும் என்பதையும் மனதில் வைத்து, கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய தலைகளை வாங்குங்கள்.

பெண் தொழிலாளர்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறோம். ரசாயனத்தில் ஊறிய சேலையையும் ஜாக்கெட்டையும் களையாமல் ஷவரில் நின்றால், துணி அந்த ரசாயனத்தை உடம்போடு சேர்த்தே வைத்திருக்கும். நாலு பேர் பார்க்கும் இடத்தில் எந்தப் பெண் துணியைக் களைவார்? ஒவ்வொரு ஷவருக்கும் இழுத்து மூடும் திரையும் பக்கத்திலேயே மாற்றுத் துணியும் வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். செய்யாமலிருக்க எந்த நியாயமும் இல்லை.

தமிழ்நாட்டுத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் நாங்கள் கேட்பது இதுதான். ஆய்வுக்கு வரும் அதிகாரி கருவி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் போகாமல், வால்வைத் திறந்து பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஆலைக்குள் வாராவாரம் திறந்து சோதிக்க வேண்டும்; அந்தப் பதிவேட்டில் மேலாளரோடு தொழிலாளர் பிரதிநிதி ஒருவரும் கையெழுத்திட வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும், வேலையில் சேரும் முதல் நாளிலேயே ஐ-வாஷ் எங்கே என்று கூட்டிப்போய்க் காட்டி, அவர்கள் கையாலேயே திறக்கச் செய்ய வேண்டும்.