தட்டைச் சுற்றுவதற்கு இத்தனை ஆடம்பரமா?

ரிக்கார்டு பிளேயருக்கு பிரெஞ்சில் 'தூர்ன்-திஸ்க்' என்று பெயர். 'தட்டைச் சுற்றுவது' என்று பொருள். வேலை எதுவோ அதுவே பெயர். பள்ளிப் படிப்பு முழுவதும் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் எனக்கு இன்றும் அந்தச் சொல்தான் முதலில் வாயில் வரும். ஆனால் இப்போது படங்களில் காணக் கிடைக்கும் சில விலையுயர்ந்த பிளேயர்களைப் பார்த்தால், தட்டைச் சுற்றுவது அவற்றுக்கு உபதொழில் போலத் தோன்றுகிறது.

ஜெர்மனியில் கிளியர்ஆடியோ நிறுவனம் 'ஸ்டேட்மென்ட்' என்று ஒன்றைச் செய்தது. எடை 350 கிலோ. விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். மெட்ராஸ் டெரஸ் போட்ட எங்கள் பழைய மாடியில் அதை ஏற்றி வைக்க எனக்குத் துணிவில்லை.

இத்தனை எடை எதற்கு என்றால் அதற்கும் ஒரு காரணம் உண்டு. தட்டில் முள் ஓடும் பள்ளம் தலைமுடியைவிட மெல்லியது. அதன் நெளிவுகள்தான் பாட்டு. தெருவில் லாரி போனாலும், மோட்டார் அதிர்ந்தாலும், முள் அதையும் பாட்டாகவே எடுத்துக்கொள்ளும். கனமான பொருள் எளிதில் அதிராது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபது கிலோவில் பெரும்பாலும் தீர்ந்துவிடும் பிரச்சினைக்கு 350 கிலோ என்றால், மீதியெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்கு என்பது என் கட்சி.

ஒருநாள் பொழுது போகாமல் கணக்குப் போட்டேன். குமாஸ்தா புத்தி எங்கே போகும்? எல்.பி. தட்டின் ஒரு பக்கம் 22 நிமிடம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் மொத்தம் 733 சுற்று. சராசரியாக ஒரு சுற்றுக்கு 65 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் முள் ஏறக்குறைய 475 மீட்டர் ஓடுகிறது. காலையில் நான் கடற்கரையில் நடப்பதில் பாதி தூரம். அந்தத் தூரம் முழுவதும் முள் பள்ளத்தைக் கெடுக்காமல் ஓட வேண்டும். அலுவலகத்தில் எந்தக் கொள்முதல் கோப்பு வந்தாலும் 'தேவை' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம் அல்லவா? ரிக்கார்டு பிளேயருக்கு அந்த இடத்தில் எழுத வேண்டியது இந்த ஒன்றுதான்.

விசித்திரமாக இருப்பதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. 1956-இல் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் 'எஸ்.கே.4' என்ற ரேடியோ-பிளேயரைக் கொண்டுவந்தது. டீட்டர் ராம்ஸும் ஹான்ஸ் குகெலோட்டும் வடிவமைத்தது. மூடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அந்தக் காலத்தில் ஒரு ரேடியோ என்றால் மர பீரோ மாதிரி இருக்க வேண்டும்; இதைப் பார்த்தவர்கள் 'ஸ்னோ வைட்டின் சவப்பெட்டி' என்று கேலி செய்தார்கள். ஆனால் உலோக மூடி போட்டபோது சத்தத்தில் அது அதிர்ந்தது என்பதால் வந்தது அந்தப் பிளாஸ்டிக் மூடி. கேலி செய்தவர்கள் போய்விட்டார்கள். இன்று முக்கால்வாசி பிளேயர்களுக்கு அந்த மூடிதான்.

அதேபோல டென்மார்க்கின் பாங்க் அண்ட் ஒலுஃப்சன் 1972-இல் செய்த 'பியோகிராம் 4000'. யாகோப் யென்சனின் வடிவமைப்பு. சாதாரண பிளேயரில் முள் பிடித்த கை ஒரு மூலையில் நின்று வளைவாக நகரும். ஆனால் அச்சுத் தட்டில் பள்ளம் வெட்டும் கருவி நேர்கோட்டில் நகர்ந்தது. இந்தப் பிளேயரின் கையும் அதேபோல நேர்கோட்டில் நகர்கிறது. பக்கத்தில் இன்னொரு கை, தட்டு இருக்கிறதா, எந்த அளவு என்று ஒளியால் பார்த்துச் சொல்லும். தட்டு இல்லாமல் முள் கீழே இறங்காது. பார்க்க அழகு, ஒவ்வோர் அழகுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

மறுபுறம், 1970-களில் ஜப்பானில் வந்த பொம்மை வேன். தட்டு அசையாமல் தரையில் கிடக்கும். குட்டி ஃபோக்ஸ்வேகன் அதன் மேல் சுற்றிச் சுற்றி ஓடிப் பாடும். பாட்டரி, மோட்டார், ஸ்பீக்கர் எல்லாம் தட்டின் முதுகில். பேரப்பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்தத் தட்டை அவர்களிடமே விளையாடக் கொடுத்துவிடலாம். அமெரிக்காவில் 1956 மாடல் கிறைஸ்லர் கார்களில் ரிக்கார்டு பிளேயர் வைத்த கதை இன்னும் வேடிக்கை. அதற்கென்று தனியாக 16⅔ சுற்றில் ஓடும் தட்டு. கடையில் கிடைக்கும் தட்டு எதுவும் அதில் ஓடாது. கொஞ்ச நாளில் கைவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் துணிச்சலான வடிவமைப்பு லியோனில் செய்த 'தெப்பாஸ்'தான். 1950-களின் நடுவில் அவர்கள் கொண்டுவந்த 'ஆஸ்கார்' ஒரு சின்னப் பெட்டி, கைப்பிடி உண்டு, மூடியிலேயே ஸ்பீக்கர். கூடத்தில் மேசை மேல் உட்கார்ந்திருந்த சங்கீதத்தைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வர வைத்தது அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய எங்கள் தெரு சொல்தா மாமா ஒருவர் இதைக் கொண்டுவந்தார். திண்ணையில் வைத்து மூடியைக் கழற்றினால் பத்து வீட்டுக்காரர்கள் கேட்போம். நான்கு வேகம்: 16, 33, 45, 78. யார் எந்தத் தட்டை எடுத்து வந்தாலும் ஓடும்.

இப்போது அதே பெட்டி வடிவத்தில் மலிவான பிளேயர்கள் குவிகின்றன. ஜாக்கிரதை என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டுப் பரணில் அப்பாவின் தட்டுகள் இருக்கும். நல்ல பிளேயரில் முள் தட்டை அழுத்தும் எடை ஒன்றரை, இரண்டு கிராம். இந்தப் பெட்டிகள் பலவற்றில் ஐந்து கிராம் வரை போகும். குறைக்கவும் வழி இருக்காது. தெப்பாஸ் காலத்தில் முள் கனமாகத்தான் இருந்தது, ஆனால் அன்று தட்டு தேய்ந்தால் கடையில் வேறு வாங்கலாம். இன்று ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டு தேய்ந்தால் எந்தக் கடைக்குப் போவது?

பாரிஸ் பக்கம் இருக்கும் என் மகள், 75 வயதுக்கு என்று 'மாக்-லெவ்' வாங்கித் தருகிறேன் என்கிறாள். ஸ்லோவேனியாக்காரர்களின் தயாரிப்பு. காந்த சக்தியில் தட்டு அந்தரத்தில் மிதந்தபடி சுற்றும். பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை, அது உண்மை. வேகம் எத்தனை என்று பார்த்தேன். 33, 45. அப்பா விட்டுப்போனவற்றில் பாதிக்கு மேல் 78 சுற்று அரக்குத் தட்டுகள். மிதக்கும் மேடையில் அவை ஊமை.

வேண்டாம் என்று எழுதிவிட்டேன். மூன்று வேகமும் உள்ள, முள்ளின் எடையைத் திருகிச் சரிசெய்யக்கூடிய சாதாரண பிளேயர் ஒன்று போதும். கூடவே 78-க்கு என்று தனி முள். அந்தத் தட்டின் பள்ளம் எல்.பி.யினுடையதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், எல்.பி. முள் அதன் அடியில் போய் அழுக்கைத்தான் கிளறும். இந்தத் தனி முள்ளைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே முள் போதும் என்பார், கேட்காதீர்கள்.