கடலுக்குக் கணக்குப்பிள்ளை யார்?

நெல்லை அளக்க மரக்கால் இருக்கிறது. பாலை அளக்கப் படி இருக்கிறது. கடலுக்குள் நீந்துகிற மீனை அளக்க என்ன இருக்கிறது?

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. எத்தனை படகுகள் கடலுக்குப் போகலாம், எந்த மாதம் வலையை மடித்து வைக்க வேண்டும், வலையின் கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் எல்லாம் அந்த அளவை நம்பித்தான் நிற்கின்றன. அளவு பிசகினால் கட்டுப்பாடும் பிசகும். கட்டுப்பாடு பிசகினால் அடுப்பு அணைவது கரையோரக் குடிசையில். கணக்குப் போட்ட அறையில் அல்ல.

ஆகவே கடலின் கணக்கை எழுதும்போது மீனவரும் பக்கத்தில் உட்கார வேண்டும். கணக்கைப் பார்த்து முடிவு எடுக்கும்போதும் அவருக்கு ஓர் ஆசனம் வேண்டும். இது சலுகை அல்ல. கணக்கு சரியாக வர வேண்டுமானால் இதைத் தவிர வேறு வழி இல்லை.

கரையில் எண்ணும் கணக்கு

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 1947-ம் ஆண்டில் தொடங்கியது. ராமநாதபுரம் ஜில்லா மண்டபத்தில்தான் அதன் தலைமையிடம் பல ஆண்டுகள் இருந்தது. 1971-ல் கொச்சிக்கு மாறியது. உலகம் மதிக்கும் வேலை அங்கே நடக்கிறது. அதில் சந்தேகம் இல்லை.

அவர்கள் கணக்குப் போடும் விதம் இதுதான். எல்லாத் துறைகளிலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. எனவே சில துறைகளையும் சில நாட்களையும் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊழியர் அங்கே போய், கரை சேர்ந்த படகு எத்தனை, கொண்டுவந்த மீன் என்ன, எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார். சில மீன்களின் நீளத்தை அளக்கிறார். குளிர் நாட்டுக் கடல்களில் மீனின் காதுக் கல்லில் உள்ள வளையங்களை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். நம் வெப்பக் கடலில் அந்த வளையங்கள் அவ்வளவு தெளிவாக விழுவதில்லை. ஆகவே நீளத்தைக் கொண்டே மீன் எவ்வளவு வேகமாக வளர்கிறது, எத்தனை பங்கு வலையில் மாண்டு போகிறது என்று கணிக்கிறார்கள்.

இப்படி 2022-ம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்ததில், நாடு முழுவதும் எடுத்துக்கொண்ட 135 மீன் இருப்புகளில் 100-க்கு 91 நல்ல நிலையில் இருப்பதாக நிலையம் அறிவித்தது. ஆனால் எந்தத் துறைக்குப் போய்க் கேட்டாலும், “முன்போல மீன் இல்லை” என்ற பேச்சுத்தான் காதில் விழுகிறது.

இதில் யார் சொல்வது பொய்? இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மொத்த எடை குறையாமல் இருக்கலாம். ஆனால் அந்த எடையைக் கொண்டுவர, முன்பு அரை நாள் போன படகு இன்று பல நாள் போக வேண்டியிருக்கலாம். பத்துப் பாகத்தில் விழுந்த மீனை முப்பது பாகத்தில் தேட வேண்டியிருக்கலாம். எரிந்த டீசல் எவ்வளவு, வெறும் வலையாய் வந்த பாடு எத்தனை என்பது தராசில் ஏறாது. அது படகில் போனவருக்குத்தான் தெரியும்.

கரைக்கு வராத மீன்

கரையில் நின்று எண்ணுகிறவருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. விலை போகாத மீனைக் கடலிலேயே கொட்டிவிட்டு வருவதுண்டு. அது எந்த ஏட்டில் ஏறும்?

மடிவலையில் அள்ளி வருகிற பொடி மீனை ராமேசுவரம் பக்கத்தில் ‘சங்காயம்’ என்பார்கள். கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் போகும். அந்தக் குவியலில் வளர்ந்தால் நல்ல விலை பெறக்கூடிய குஞ்சுகளும் கிடக்கும். எந்த இடத்தில், எந்தக் காற்றில், எந்த மாதத்தில் குஞ்சு அதிகம் விழுகிறது என்பதை, அந்த வலையை இழுத்தவர் ஒரு நொடியில் சொல்வார்.

கடலடியில் பார் எங்கே, சேறு எங்கே என்று மீனவருக்குத் தெரியும். கரையில் உள்ள கோபுரத்தையும் மலையையும் குறி வைத்து, நடுக்கடலில் ஓர் இடத்தைத் தப்பாமல் கண்டுபிடிப்பார். குமரிக் கரையில் இதைக் ‘கணியம்’ என்பார்கள். இது தலைமுறை தலைமுறையாக வந்த படிப்பு. பட்டம் இல்லை என்பதற்காக இதைப் படிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

நியூபவுண்ட்லாந்து தந்த பாடம்

மீனவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு தேசம் என்ன விலை கொடுத்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

கனடாவின் கிழக்கோரத்தில் நியூபவுண்ட்லாந்து என்ற தீவு இருக்கிறது. 1497-ல் ஜான் காபட் என்பவர் கப்பலில் போன காலத்திலிருந்தே காட் என்ற மீனுக்குப் பெயர் போன கடல் அது. கரையோரத்தில் சிறு படகுகள். ஆழ்கடலில் பெரிய இழுவைக் கப்பல்கள்.

1980-களில் சிறு படகுக்காரர்கள் முறையிட்டார்கள். “கரைக்கு வரும் மீன் குறைகிறது; வருகிற மீனும் சிறுத்துப்போகிறது” என்பதே அவர்கள் குறை. ஆனால் அரசாங்க நிபுணர்களின் கணக்கில் மீன் பெருகிக்கொண்டிருந்தது. காரணம் என்ன? பெரிய கப்பல்கள் பிடித்த அளவை அந்தக் கணக்கு மிகவும் நம்பியது. மீன் குறைந்தபோது மிச்சம் இருந்தவை சில இடங்களில் திரண்டு நின்றன. நல்ல கருவிகள் கொண்ட கப்பல்கள் அந்தத் திரளைத் தேடிப் பிடித்தன. ஆகவே கப்பல் கணக்கில் மட்டும் குறையே தெரியவில்லை.

கரையோர மீனவர் சங்கம் தன் சொந்தப் பணத்தில் வேறு ஆராய்ச்சியாளர்களை அமர்த்தி, 1986-ல் அந்தக் கணக்கைச் சோதிக்கச் செய்தது. அரசாங்கக் கணக்கு மிகையானது என்று அவர்கள் சொன்னார்கள். 1989-ல் அரசாங்க விஞ்ஞானிகளே தங்கள் மதிப்பு மிகை என்று திருத்தினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1992-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி அந்தக் கடலில் காட் மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. ஏறக்குறைய 30,000 பேர் வேலை இழந்தனர். இரண்டு ஆண்டு பொறுத்தால் போதும் என்றார்கள். அந்தத் தடை நீக்கப்பட்டது 2024-ம் ஆண்டில்!

மீன் அழிந்ததற்குக் காரணம் தவறான கணக்கு மட்டும் அல்ல. பேராசையும் உண்டு, கடல் நீரின் மாறுதலும் உண்டு. ஆனால் எச்சரிக்கை மணி முதலில் அடித்தது சிறு படகில். அதைக் கேட்டிருந்தால் சேதம் குறைந்திருக்கும்.

பக்கத்திலேயே ஒரு வெற்றி

கெட்டதற்குக் கனடா என்றால் நல்லதற்குக் கொல்லம். அங்குள்ள அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுத்துப் பிழைப்பவர்கள் உண்டு. 1980-களில் வெளிநாட்டு ஏற்றுமதி தொடங்கியதும் வாரி எடுத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் மட்டி சட்டென்று குறைந்தது.

அப்போது மட்டி எடுப்பவர்களும் ஆராய்ச்சி நிலையத்தாரும் அதிகாரிகளும் கலந்து பேசினார்கள். மட்டி இனம் பெருகும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை. சிறு மட்டியை எடுப்பதில்லை. வலைக்கண்ணுக்கு ஓர் அளவு. இப்படி ஏற்பாடுகள் வந்தன. காவல்காரர் தடியோடு நின்றதால் இவை நடக்கவில்லை. எடுப்பவர்களே ஒப்புக்கொண்டதால் நடந்தன. 2014-ல் அந்தத் தொழிலுக்குக் கடல் பாதுகாப்புக்கான சர்வதேசச் சான்று கிடைத்தது. இந்தியாவிலேயே முதல் சான்று அது. சுமார் 3,000 பேரின் பிழைப்பு அந்தக் காயலை நம்பி இருந்தது.

தமிழ்க் கரைக்கும் இது புதிதல்ல. தூத்துக்குடியில் முத்துக் குளிப்புக்கு முன்னால் பார்களைச் சோதிப்பது வழக்கம். குளிப்பவர் மூழ்கிச் சிப்பி எடுத்து வருவார். அவற்றை எண்ணி, வயது பார்த்து, அறுத்து முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்பு உண்டா, இல்லையா என்று அறிவிப்பார்கள். 1961-ல் நடந்ததே அங்கே கடைசி முத்துக் குளிப்பு. அந்தக் காலத்தில் கணக்குக்கு மீனவரின் மூச்சு தேவைப்பட்டது. முடிவு சொன்னது மட்டும் அரசாங்கம். அந்தப் பாதிக் குறைதான் இன்னும் தீராமல் இருக்கிறது.

“திருடன் கையில் சாவியா?”

இதற்கு ஆட்சேபம் சொல்பவர்கள் உண்டு. “மீன் பிடிப்பவரிடமே கணக்கை விட்டால் மிச்சம் வைப்பாரா? திருடன் கையில் சாவி கொடுப்பதா?” என்பார்கள்.

பேச்சு சூடாக இருக்கிறது, நியாயமாக இல்லை. சோழமண்டலக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்துகள், “இந்த வலை நம் கடலுக்கு ஆகாது” என்று தாங்களாகவே தடை போட்டதுண்டு. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ முறை உண்டு. இன்ன நாள் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தங்களுக்கே வரம்பு கட்டிக்கொண்டார்கள். திருடர் செய்கிற வேலையா இது?

ஆனால் ஆட்சேபத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. மீனவர் என்றால் எல்லாரும் ஒருவர் அல்ல. விசைப்படகு முதலாளி வேறு, அதில் கூலிக்குப் போகிறவர் வேறு, வள்ளத்துக்காரர் வேறு. பாக் நீரிணையில் மோதல் முற்றித்தான், வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு வந்தது. ‘பாடு’ முறையும் அதில் உரிமை உள்ளவருக்கு நீதி. உரிமை இல்லாதவருக்கு அடைத்த கதவு. எனவே ஊரில் குரல் பெரியவரை மட்டும் அழைத்து உட்கார வைத்துவிட்டு, “மீனவரைக் கேட்டோம்” என்று சொன்னால் அது ஏமாற்று.

மேலும் மீனவர் காண்பது தன் கடலை. விஞ்ஞானி காண்பது கடல் முழுவதையும். இங்கே குறைந்த மீன் வேறு கரைக்குப் போயிற்றா, அழிந்தே போயிற்றா என்று தனி ஒருவரால் சொல்ல முடியாது. ஆகவே விஞ்ஞானியை விலக்கச் சொல்லவில்லை. இருவர் கணக்கையும் ஒன்றோடு ஒன்று உரைத்துப் பார்க்கச் சொல்கிறது நியாயம்.

செய்ய வேண்டியது என்ன?

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது. 2017 முதல் 61 நாள். இந்த மாதங்கள் எல்லா மீனுக்கும் பொருந்துமா என்று மீனவரிடையே விவாதம் நடக்கிறது. 61 நாள் கூலி இல்லாமல் இருப்பவர் காரணம் கேட்பது தவறா? எந்த மீன் எப்போது சினை பிடிக்கிறது என்று அவரையும் சேர்த்துக்கொண்டு பார்த்திருந்தால், காரணம் கேட்க வேண்டிய அவசியமே வந்திராது.

2014-ல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தில் உலக நாடுகள் ஏற்ற சிறுதொழில் மீன்பிடிப்பு நெறிமுறைகளும், 2017-ல் வெளியான இந்தியக் கடல் மீன்வளக் கொள்கையும் மீனவரைச் சேர்த்துக்கொண்டு நிர்வாகம் நடத்துவதைப் பற்றிப் பேசுகின்றன. காகிதத்தில் இருப்பது கரைக்கு வர வேண்டும்.

முதலாவதாக, ஒவ்வொரு துறையிலும் எடுத்த கணக்கை அந்தத் துறையிலேயே தமிழில் எழுதிப் பலகையில் மாட்ட வேண்டும். பிழை இருந்தால் மறுநாளே நாலு பேர் சுட்டிக்காட்டுவார்கள்.

இரண்டாவதாக, விரும்பும் படகுகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் தர வேண்டும். வலை போட்ட இடம், நேரம், கிடைத்தது, கொட்டியது எல்லாம் அதில் ஏறட்டும். அந்த ஏட்டைக் காட்டி வழக்குப் போடமாட்டோம் என்று அரசாங்கம் உறுதி தர வேண்டும். இல்லாவிட்டால் உண்மை எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? எழுதுகிற நேரத்துக்குச் சிறு ஊதியமும் வேண்டும்.

மூன்றாவதாக, ஜில்லாதோறும் ஒரு குழு வேண்டும். விசைப்படகு, நாட்டுப்படகு, கூலித் தொழிலாளர், மீன் விற்கும் பெண்கள் ஆகிய எல்லாத் தரப்பாருக்கும் அதில் இடம் வேண்டும். கூடையில் வரும் மீன் ஆண்டுக்கு ஆண்டு சிறுப்பதை விற்கிற பெண்ணைவிட அறிந்தவர் யார்? தடை, வலை, படகு எண்ணிக்கை எதுவானாலும் அந்தக் குழுவைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அவர்கள் சொன்னதை ஏற்கவில்லை என்றால், ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

இவற்றுக்குக் கோடிக்கணக்கில் பணம் தேவை இல்லை. மதிப்புத்தான் தேவை. நியூபவுண்ட்லாந்தில் மீன் திரும்ப ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருந்தார்கள். இங்கே கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அப்படிக் காத்திருக்க வசதி இல்லை. கடலில் மீன் இருக்கும்போதே கணக்கைச் சேர்ந்து எழுதிவிடுவது நல்லது.